சமன் குறி இல்லாத கால்குலேட்டர்: எச்.பி. 12சி மதிப்புரை

எச்.பி. 12சி-யின் விசைப்பலகையில் '=' கிடையாது. அடைப்புக்குறிகளும் கிடையாது. கீழ் இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பிடித்தபடி உயரமாக நிற்கும் என்டர் விசைதான் கண்ணில் படும். 1981இல் வந்த இந்த நிதிக் கால்குலேட்டர் இன்றும் அதே முகத்தோடு விற்பனையில் இருக்கிறது. உள்ளே சில்லு மாறியது, பேட்டரி மாறியது. விசைகளின் வரிசை மாறவில்லை. சி.எஃப்.ஏ. என்ற நிதிப் பகுப்பாய்வாளர் தேர்வுக்கூடத்தில் அனுமதிக்கப்படும் மிகச் சில மாடல்களில் இதுவும் ஒன்று என்பதால் வாங்குபவர்கள் உண்டு. கடன் தவணை போட வாங்குபவர்களும் உண்டு. ஆனால் தவணை, ஐ.ஆர்.ஆர். (முதலீட்டின் உள் வருவாய் விகிதம்), தேதிக் கணக்கெல்லாம் மற்ற நிதிக் கால்குலேட்டர்களிலும் இருக்கின்றன. 12சி-யைத் தேர்ந்தெடுக்க உண்மையான காரணம், அது கணக்கை வாங்கிக்கொள்ளும் முறை. அந்த முறை போலந்தின் தர்க்கவியலாளர் ஒருவரிடமிருந்து வந்தது.

யான் வுகாஷேவிச் 1878இல் லுவூவ் நகரில் (இன்றைய உக்ரைனின் லிவிவ்) பிறந்தவர். வார்சா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இரண்டு முறை அதன் தலைவராகவும் இருந்தார். 1919இல் சில மாதங்கள் கல்வி அமைச்சராகவும் இருந்தார். 'உண்மை', 'பொய்' என்ற இரண்டோடு மூன்றாவது மதிப்பையும் ஏற்கும் தர்க்கத்தை உருவாக்கியவரும் இவரே. நீண்ட தர்க்கச் சூத்திரங்களில் அடைப்புக்குறிகள் குவிந்துகொண்டே போவதற்கு 1924இல் ஒரு வழி கண்டார்: செயற்குறியை (+, × போன்றதை) இரண்டு உறுப்புகளுக்கு நடுவே எழுதாமல் முன்னால் எழுதுவது. அப்படி எழுதினால் அடைப்புக்குறியே தேவைப்படாது. (3 + 5) × (7 − 2) என்பதை × + 3 5 − 7 2 என்று எழுதலாம். பெருக்கலுக்கு இரண்டு உறுப்புகள் வேண்டும். முதலாவது '+ 3 5', இரண்டாவது '− 7 2'. வேறு எப்படியும் படிக்க முடியாது. இதையே உலகம் போலந்துக் குறியீடு என்கிறது.

கணினிக்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். வுகாஷேவிச்சைப் படித்திருந்த ஆஸ்திரேலியத் தத்துவ ஆசிரியர் சார்ல்ஸ் ஹாம்ப்ளின் 1957இல் செயற்குறியைக் கடைசிக்குத் தள்ளினார்: 3 5 + 7 2 − ×. எண்கள் முதலில் வந்து ஓர் அடுக்கில் காத்திருக்கும். செயற்குறி வரும்போது அதற்கு வேண்டியவை கைவசம் இருக்கும். இயந்திரம் எந்தச் செயற்குறியையும் தள்ளிவைத்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1963இன் ஃபிரைடன் இ.சி.-130, 1968இன் எச்.பி. 9100ஏ ஆகிய மேசைக் கால்குலேட்டர்கள் இந்த வழியில் வேலை செய்தன. 1972இல் 395 டாலருக்கு வந்த எச்.பி.-35 அதைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. 12சி அந்த வம்சத்தில் வந்தது.

இதைக் கற்க நேரம் பிடிக்கும் என்பது பொதுவான அச்சம். தமிழில் யோசிப்பவருக்கு அந்த அச்சம் தேவையே இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். "3ஐயும் 5ஐயும் கூட்டு, 7இலிருந்து 2ஐக் கழி, இரண்டு விடைகளையும் பெருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வினை கடைசியில் நிற்கிறது. விசைகளை அழுத்தும் வரிசையும் அதுதான்:

3 என்டர் 5 + 7 என்டர் 2 − ×

ஒன்பது அழுத்தங்களில் 40. அடைப்புக்குறி உள்ள கால்குலேட்டரில் இதே கணக்குக்குப் பன்னிரண்டு அழுத்தம் வேண்டும். ஆனால் மிச்சமாகும் மூன்று அழுத்தங்கள் எனக்குப் பெரிதல்ல. 8, 5 என்ற இடைவிடைகள் வழியிலேயே திரையில் தெரிகின்றன. தவறு எங்கே நுழைந்தது என்பது அந்த இடத்திலேயே பிடிபடுகிறது. கணக்குச் சரிபார்ப்பவருக்கு இதைவிட மதிப்புள்ள வசதி கிடையாது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். அடுக்கில் நான்கு இடங்கள்: கீழிருந்து எக்ஸ், ஒய், இசட், டி. திரையில் தெரிவது எப்போதும் எக்ஸ். என்டர் அழுத்தினால் எக்ஸில் உள்ளது ஒய்க்கு நகலாகி, மற்றவை ஒரு படி ஏறும். செயற்குறி அழுத்தினால் ஒய்யும் எக்ஸும் சேர்ந்து விடை எக்ஸில் உட்காரும். மேலே உள்ளவை ஒரு படி இறங்கும். கூட்டி வந்த 8 திரையில் இருக்கும்போது 7ஐத் தட்டினால், 8 தானாக ஒய்க்கு ஏறிவிடுகிறது. அதனால்தான் அங்கே என்டர் வேண்டியதில்லை.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். என்டர் என்பது இரண்டு எண்களைப் பிரிக்கும் விசை. கணக்கை முடிக்கும் விசை அல்ல. பழக்கதோஷத்தில் 3 என்டர் 5 என்டர் + என்று அழுத்தினால் 8 வராது, 10 வரும். இரண்டாவது என்டர் 5ஐ நகலெடுத்து ஒய்யில் வைத்துவிட்டது. கூட்டப்பட்டது 5ம் 5ம். கால்குலேட்டர் பழுது என்று திருப்பி அனுப்புமுன் இதைப் பாருங்கள். இதே நகலெடுக்கும் குணம் தெரிந்தவருக்கு வசதி: 5 என்டர் × என்றால் 25.

கழித்தலிலும் வகுத்தலிலும் ஒய்தான் முதலில் வரும்: ஒய்யிலிருந்து எக்ஸ் கழியும், ஒய்யை எக்ஸ் வகுக்கும். வரிசை மாறிப்போனால் எக்ஸையும் ஒய்யையும் இடம்மாற்றும் விசை இருக்கிறது. மறுபடி தட்ட வேண்டாம். குறை எண்ணுக்குக் கழித்தல் விசையைத் தொடக் கூடாது. எண்ணைத் தட்டிவிட்டு சி.எச்.எஸ். அழுத்த வேண்டும். புதுக் கணக்குத் தொடங்குமுன் அடுக்கைத் துடைக்கும் வழக்கமும் வீண். பழைய எண்கள் மேலே கிடந்தால் கிடக்கட்டும், சாதாரணக் கணக்கை அவை தொடுவதில்லை.

நான்கு இடங்கள் போதுமா? அன்றாட வேலைக்குத் தாராளம். ஆனால் எல்லை தாண்டினால் இந்த இயந்திரம் எச்சரிக்காது. 1 ÷ (2 + 3 ÷ (4 + 5 ÷ (6 + 7 ÷ 8))) என்ற கணக்கை இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டே போனால், ஐந்தாவது எண் வரும்போது முதலில் வைத்த 1 டி-யைத் தாண்டி மறைந்துவிடும். பிழைச் செய்தி வராது. தவறான விடைதான் வரும். இதை உள்ளிருந்து வெளியே போட வேண்டும்:

7 என்டர் 8 ÷ 6 + 5 இடம்மாற்று ÷ 4 + 3 இடம்மாற்று ÷ 2 + தலைகீழ்

கடைசியில் உள்ளது ஒன்றை எக்ஸால் வகுக்கும் விசை. ஆறு தசமம் வைத்துப் பார்த்தால் விடை 0.379562. அடுக்கில் இரண்டு இடங்களுக்கு மேல் ஒரு கட்டத்திலும் தேவைப்படவில்லை. அடைப்புக்குறிக் கால்குலேட்டரில் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகத் தட்டலாம்; இங்கே கணக்கின் உட்புறம் எது என்று முதலில் பார்த்தாக வேண்டும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. காகிதத்தில் போடும்போதும் உள்ளிருந்துதானே தொடங்குகிறோம்.

அடுக்கு இறங்கும்போது டி-யில் உள்ளது காலியாகாது, நகலாக அங்கேயே தங்கும். இது சிறிய விவரம், பயன் பெரிது. 1.05ஐத் தட்டி என்டரை மூன்று முறை அழுத்தினால் நான்கு இடங்களிலும் 1.05. பிறகு 1000 தட்டி × அழுத்துங்கள்: 1,050.00. மறுபடி ×: 1,102.50. மறுபடி ×: 1,157.63. ஆண்டுக்கு 5% கூட்டுவட்டியில் தொகை வளர்வதை ஒரே விசையால் ஆண்டு ஆண்டாகப் பார்க்கலாம்.

நீல ஜி விசையை அழுத்திவிட்டு என்டரை அழுத்தினால் கடைசியாகப் பயன்பட்ட எக்ஸ் திரும்ப வரும். 45ஐ 12ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டால் திரையில் 3.75 நிற்கும். ஜி என்டர் அழுத்தினால் 12 வரும். × அழுத்தினால் 45 மீளும். மறுபடி ஜி என்டர், ×: 540. சதவீத விசையும் அழகாகச் செய்யப்பட்டிருக்கிறது. 200 என்டர் 15 % என்றால் 30 வரும், ஆனால் 200 ஒய்யிலேயே இருக்கும். அடுத்து + அழுத்தினால் 230, − அழுத்தினால் 170. விலைப்பட்டியல் போடுபவர்களுக்கு இது ஒன்றே போதும்.

இனி நிதி விசைகள். மேல்வரிசையில் இடமிருந்து ஐந்து: என் (தவணைகளின் எண்ணிக்கை), ஐ (ஒரு தவணைக்கால வட்டி), பி.வி. (இன்றைய மதிப்பு), பி.எம்.டி. (தவணை), எஃப்.வி. (இறுதி மதிப்பு). நான்கைக் கொடுத்து ஐந்தாவதன் விசையை அழுத்தினால் விடை. 1,00,000 கடன், ஆண்டுக்கு 9%, 60 மாதம்:

60 என், 9 ஜி ஐ, 100000 பி.வி.; 0 எஃப்.வி.; பி.எம்.டி.

திரையில் −2,075.84. ஜி ஐ என்பது ஆண்டு வட்டியை 12ஆல் வகுத்து 0.75ஐப் பதிவு செய்யும் குறுக்குவழி. அது வெறும் வகுத்தல்தான் என்பதை மறக்கக் கூடாது. கொடுக்கப்பட்ட 9% ஆண்டு இறுதியில் கிடைக்கும் நிகர வட்டியாக இருந்தால் மாத வட்டி 0.75 அல்ல, 0.72. அதற்கு 1.09ஐ 1/12 என்ற அடுக்குக்குறிக்கு உயர்த்தி, 1 கழித்து, 100ஆல் பெருக்கி ஐ-யில் போட வேண்டும்.

குறை அடையாளம் பலரைக் குழப்புகிறது. கைக்கு வரும் பணம் கூட்டல், கையிலிருந்து போகும் பணம் கழித்தல், விதி அவ்வளவே. கடன் வாங்கினால் பி.வி. கூட்டல், தவணை கழித்தல். வட்டி விகிதத்தைக் கண்டுபிடிக்கும்போது இதை மீறினால் இயந்திரம் பிழை 5 காட்டும். 2075.84ஐ சி.எச்.எஸ். போட்டு பி.எம்.டி.-யில் வைத்தால் ஐ 0.75 என்று ஒழுங்காக வரும், சி.எச்.எஸ். மறந்தால் வராது.

இன்னும் ஆபத்தானது, பிழைச் செய்தி இல்லாமல் வரும் தவறு. இந்த ஐந்து விசைகளுக்கும் உரிய பதிவேடுகள் அணைத்த பிறகும் பழைய எண்களை வைத்திருக்கும். அதே கடனுக்கு மாதம் 2,500 கட்டினால் எத்தனை மாதம் என்று கேட்டுப் பாருங்கள்: 2500 சி.எச்.எஸ். பி.எம்.டி., பிறகு என். திரையில் 48. உண்மையான விடை 47.73, 12சி தவணை எண்ணிக்கையை மேல்நோக்கி முழுமையாக்கும். தவணை எண்ணுபவருக்கு இது பொருத்தம். முதலீடு இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று தசமத்தோடு தெரிய வேண்டியவர் மடக்கை விசையால் தனியே போட்டுக்கொள்ள வேண்டும். இப்போது எஃப்.வி. அழுத்தினால் 661.24 வரும்: 48 தவணையும் முழுதாகக் கட்டினால் கூடுதலாகப் போகும் தொகை. ஆகவே கடைசித் தவணை 1,838.76 கட்டினால் போதும். நல்ல வசதி. ஆனால் அந்த 661.24 எஃப்.வி.-யிலேயே உட்கார்ந்துவிட்டது. அதை மறந்து 60 என், பி.எம்.டி. என்று அழுத்தினால் −2,084.60 வரும். சரியான தவணையைவிட ஒன்பதுக்கும் குறைவான வித்தியாசம்; பார்த்த மாத்திரத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒவ்வொரு புதுக் கணக்குக்கும் முன்னால் பொன்னிற எஃப் விசையை அழுத்தி இடம்மாற்று விசையை அழுத்துங்கள். நிதிப் பதிவேடுகள் மட்டும் துடைக்கப்படும், அடுக்கு அப்படியே இருக்கும்.

தவணை காலத்தின் தொடக்கத்திலா முடிவிலா என்பதும் இதே வகை. ஜி 7 அழுத்தினால் தொடக்கம், ஜி 8 முடிவு. தொடக்க நிலையில் திரையின் கீழே சிறிய எழுத்தில் அறிகுறி தெரியும். அதைக் கவனிக்காவிட்டால் மேலே உள்ள கடனுக்கு 2,060.38 என்று வரும். வாடகை, குத்தகைக்குத் தொடக்கம். சாதாரணக் கடனுக்கு முடிவு. முழு அட்டவணை போடுபவர்களுக்கு இன்னொன்று: திரை இரண்டு தசமம் காட்டினாலும் உள்ளே பத்து இலக்கம் ஓடுகிறது. கட்டப்போவது 2,075.84 என்றால், பி.எம்.டி. வந்ததும் எஃப் பி.எம்.டி. அழுத்தித் திரையில் தெரிவதோடு எண்ணை வெட்டிவிட்டு, மறுபடி பி.எம்.டி. அழுத்திப் பதியுங்கள். அப்போதுதான் அட்டவணையின் கடைசிப் பைசா வரை பொருந்தும்.

நிரல் எழுதும் வசதியும் உண்டு. அதிகபட்சம் 99 வரிகள். தொடக்கத்தில் 8 வரிகளும் 20 நினைவகங்களும் இருக்கும். வரி போதாதபோது ஒரு நினைவகத்தை விழுங்கி 7 வரிகளைத் தரும். பெரிய நிரல் எழுதிவிட்டு உயர் எண் நினைவகங்களில் எதையாவது சேமிக்கப் போனால் இடமிருக்காது. ஜி 9 அழுத்திப் பிடித்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இதற்காகவே வாங்குவது இன்று பொருளற்றது.

இல்லாதவற்றையும் சொல்லியாக வேண்டும். சைன், கொசைன் போன்ற முக்கோணவியல் விசைகள் அறவே கிடையாது. தட்டிய எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் அதை மட்டும் அழிக்க வழியில்லை, சி.எல்.எக்ஸ். அழுத்தி எண் முழுவதையும் மறுபடி தட்ட வேண்டும். திரையில் பின்விளக்கு இல்லை, ஒரே ஒரு வரிதான். அடுக்கின் மற்ற மூன்று இடங்களைச் சுழற்றித்தான் பார்க்க முடியும். பொறியியல் மாணவருக்கு இது பொருந்தாது. அவருக்கு 15சி-யே சரி. சிக்கலெண், அணி, தொகையிடல் எல்லாம் கொண்ட அந்த மாடலின் சேகரிப்பாளர் பதிப்பு 2023இல் மறுபடி வந்தது. 12சி பிளாட்டினம் அடைப்புக்குறி முறையையும் சேர்த்துத் தருகிறது, நிரல் வரிகளும் கூடுதல். அடுக்கு முறையை ஒருபோதும் பழகப்போவதில்லை என்று முடிவெடுத்தவருக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

கட்டமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. விசையை அழுத்தினால் விரலுக்குத் தெளிவான சொடுக்கு தெரியும், பார்க்காமல் தட்டலாம். பழைய சில்லு உள்ளவற்றில் வட்டி விகிதம் கேட்டால் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். புதியவற்றில் விடை உடனே வரும். பேட்டரிப் பெட்டியில் இரண்டு சி.ஆர்.2032 இருந்தால் புதிய வகை. மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நினைவகத்தில் உள்ளவை தப்பும். திரையின் ஓரத்தில் நட்சத்திரக் குறி மின்னத் தொடங்கினால் பேட்டரி முடிகிறது என்று பொருள்.

பழையதை வாங்குவதானால் விற்பவர் முன்னிலையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். அணைத்த நிலையில் ஆன் விசையைப் பிடித்துக்கொண்டு × விசையையும் பிடித்து, ஆனை முதலில் விட்டு, பிறகு ×ஐ விடுங்கள். அரை நிமிடத்துக்குள் திரை முழுவதும் 8 என்ற இலக்கமும், பேட்டரியின் நட்சத்திரக் குறி தவிர மற்ற அறிகுறிகளும் எரிய வேண்டும். ஏதாவது ஒரு கோடு எரியாவிட்டால் திரை பழுது. இலக்கங்கள் 1.157,63 என்ற தோற்றத்தில் வந்தால் அது பழுதல்ல. போலந்து உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமத்துக்குக் காற்புள்ளிதான். ஆனைப் பிடித்துக்கொண்டு புள்ளி விசையை அழுத்தினால் மாறிவிடும்.

பணம் கொடுக்குமுன் முறை கைக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க விரும்புபவர், கைப்பேசியில் ஃப்ரீ42 என்ற இலவசச் செயலியை நிறுவலாம். அது எச்.பி. 42எஸ் என்ற கால்குலேட்டரைப் போல இயங்குவது, 12சி-யின் நிதி விசைகள் அதில் இல்லை, அடுக்கு அதே நான்கு இடங்கள்தான். யுனிக்ஸ் வகைக் கணினிகளில் டி.சி. என்ற கட்டளையும் இதே முறையில் இயங்குகிறது: 3 5 + 7 2 − பெருக்கல் குறி என்று ஒரே வரியில் தட்டி அச்சிடச் சொன்னால் 40 தரும். மேலே உள்ள நான்கடுக்கு வகுத்தலை, முதலில் 10 கே என்று தட்டி (இல்லாவிட்டால் டி.சி. தசமம் இல்லாமல் முழு எண்ணாகவே வகுக்கும்), அங்கே உள்ளிருந்து ஒரு முறையும் இடமிருந்து ஒரு முறையும் போட்டுப் பாருங்கள். டி.சி.-யின் அடுக்குக்கு நான்கு என்ற எல்லை இல்லை, இரண்டு வழியிலும் விடை சரியாக வரும்; ஃப்ரீ42இல் இரண்டாவது வழி தவறும். 12சி-யில் எங்கே கவனம் வேண்டும் என்பது வாங்குமுன்பே தெரிந்துவிடும்.